மரியதாஸ் கொடுத்த இரத்தம்

மாத்தளை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது எங்கள் பழைய வார்டு உதவியாளர் சுப்பையா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார். "மிஸ், லேப் சேர் போயிட்டாருங்க. காலையிலதான். ஈரல்ல கட்டியாம்" என்றார். நான் அவரைத் திட்டித் தீர்த்தேன். படுத்த படுக்கையாக இருந்ததை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கத்தினேன். பாவம், சுப்பையா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். தாதியாக வேலை பார்த்துச் சாவுகளுக்கு மரத்துப்போனவள் நான். எங்கள் ஆய்வுகூட நுட்பவியலாளர் மரியதாஸின் சாவு எனக்குக் கோபத்தையே கொடுத்தது. அது இன்னும் அடங்கவில்லை.

நம் ஆஸ்பத்திரியில் வேலை செய்த உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அவர் எப்படி வேலை செய்தார் என்பதைச் சொல்ல வேண்டும். கையுறை என்பதையே நாம் கண்டிராத காலம். கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து, நோயாளியின் இரத்தத்தைக் கோடு வரை உறிஞ்சி ஏற்றுவார். கொஞ்சம் கவனம் தப்பினால் இரத்தம் நாக்குக்கு வந்துவிடும். துப்பிவிட்டு, ஒரு வாய் பாலில்லாத பிளேன்டீயில் கொப்பளித்து, அடுத்த குழாயை எடுப்பார். "இந்த ஊரு வியாதி ஒன்னு விடாம ருசி பாத்தாச்சு மிஸ்" என்பார். நாம் சிரித்தோம்.

எண்பத்தொன்பதாம் வருடத்தை மறந்தவர்கள் இருக்கமாட்டீர்கள். பாதையோரம் டயரோடு எரிந்த உடல்களைத் தாண்டித்தான் வேலைக்கு வந்தோம். கிளர்ச்சிக்காரர்கள் கடையை மூடச் சொல்லிச் சுட்டார்கள், இராணுவம் திறக்கச் சொல்லிச் சுட்டது. அப்படியொரு காலையில் நாவுல பக்கம் ஒரு பஸ்ஸைச் சுட்டார்கள். குணபால என்ற விவசாயியைத் தொடை கிழிந்த நிலையில் மரக்கறி லொறியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே துப்பாக்கியோடு மூன்று பேர் வந்தார்கள். யாருடைய ஆட்கள் என்று கேட்க அன்று எவருக்கும் நாக்கு எழவில்லை. "இவனுக்கு இரத்தம் ஏத்தினா உன் வீட்டைக் கொளுத்துவோம்" என்று சிங்களத்தில் மரியதாஸிடம் சொன்னார்கள்.

"வீடு அரசாங்கத்தோடது. தாராளமா கொளுத்துங்க" என்றார் அவர்.

துப்பாக்கிக் கட்டையால் காதில் அடித்தார்கள். சுவரில் மோதி விழுந்தார். அவர்கள் போன பின், காதிலிருந்து வழிந்ததைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டே தன் இரத்தத்தைத் தானே சோதித்தார். ஹெப்படைட்டிஸ் பி இல்லை, சுத்தம். பிறகு கட்டிலில் படுத்துக் கையை நீட்டினார். ஊசி போட்டவள் நான். இரத்த வங்கி காலி, வெளியிலிருந்து ஒருவரும் வர முடியாது. அந்த பஸ்ஸில் அடிபட்டவர்களுக்கு நம்மில் நான்கு பேர் அன்று கொடுத்தோம். குணபால பிழைத்தார். மரியதாஸின் இடக்காது அதற்குப் பிறகு கேட்கவில்லை.

பல வருடம் கழித்து, மஞ்சள் கண்ணும் வீங்கிய வயிறுமாகக் குணபால திரும்பி வந்தார். ஹெப்படைட்டிஸ் பி, ஈரல் சுருங்கிவிட்டிருந்தது. மரியதாஸைக் காட்டி, "இந்த மாத்தயா எனக்கு இரத்தம் குடுத்தவரு" என்று வார்டு முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மரியதாஸுக்குச் சந்தேகம் வந்தது. மறுபடி தன்னைச் சோதித்தார். அன்று போலவே சுத்தம். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். இவர் கொழும்புக்கு இரத்தம் அனுப்பினார். அங்கே இருந்த நுட்பமான சோதனையில், மிகக் கொஞ்சமாக, வைரஸ் அகப்பட்டது.

எனக்கு அது புரியவில்லை. சுத்தம் என்று வந்த இரத்தத்தில் எப்படி இருக்கும் என்று சண்டை பிடித்தேன்.

"நம்ம சோதனை வைரஸோட மேல்சட்டையத்தான் தேடுது மிஸ். சில பேருக்குச் சட்டையக் கழட்டிப் போட்டுட்டு ஈரலுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கும். ஆள் உள்ளதான் இருக்கான். நாம சட்டையக் காணலன்னு வீட்டப் பூட்டிட்டுப் போயிட்டோம்."

"உங்ககிட்ட இருந்துதான் போச்சுன்னு என்ன சாட்சி?"

"சாட்சி இல்ல. இல்லன்னு சொல்லவும் சாட்சி இல்ல. அவருக்குப் பொஞ்சாதி இருக்கா, ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு. அதுங்களப் பாக்கணுமா இல்லையா?"

போக வேண்டாம் என்று கெஞ்சினேன். நீங்கள் இரத்தம் கொடுத்திருக்காவிட்டால் அந்த மனிதன் அன்றே செத்திருப்பான் என்றேன். அது உண்மைதான். அவர் நாவுலைக்கு பஸ் ஏறினார். குணபாலவின் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாராம். குணபாலவின் தம்பி மண்வெட்டிப் பிடியை எடுத்து அடித்தான். இரண்டு பல் போய், உதடு கிழிந்து, அதே பஸ்ஸில் திரும்பி வந்தார். நான் தையல் போட்டேன். "அடிக்கட்டும் மிஸ். அடிச்சு முடிச்சதும் புள்ளைங்கள எங்க கூட்டிட்டு வரணும்னு கேட்டான்" என்றார். மூத்தவளின் இரத்தத்தில் வைரஸ் இருந்தது. அவளுக்கு மருத்துவம் தொடங்கினார்கள். இளையவளுக்கும் தாய்க்கும் தடுப்பூசி போட்டார்கள். குணபால அந்த வருடமே இறந்தார்.

கடைசித் தையலைப் போட்டு நூலை வெட்டும்போது அவர் கேட்டார்: "அன்னைக்கு நீங்களும் குடுத்தீங்கதானே?"

கொடுத்தேன். அன்று சுடப்பட்ட பஸ்ஸிலிருந்து வயிற்றில் குண்டடிபட்டு வந்த, பலாபத்வல ஊர் ஹலீமாவுக்கு. எத்தனை நோயாளியின் ஊசி என் விரலில் குத்தியிருக்கிறது என்று எனக்கே தெரியாது. "என்னைய விட்டுடுங்க" என்று கத்திவிட்டு அறையை விட்டு வெளியேறினேன். அதன் பிறகு அவரோடு நான் பேசவில்லை. தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். அவர் சாகும்வரை அப்படியே இருந்தேன். சுப்பையாவைத் திட்டியதெல்லாம் நான் என்னையே திட்டியதுதான்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஆய்வுகூடத்தில் கையை நீட்டினேன். வழக்கமான சோதனையில் சுத்தம். எழுந்து வீட்டுக்குப் போகத்தான் மனம் சொன்னது. அடுத்த சோதனையையும் செய்யச் சொன்னேன். அந்த வைரஸை என் உடல் எப்போதோ சந்தித்திருக்கிறது என்று வந்தது. இன்னும் உள்ளே இருக்கிறதா என்பதைக் கொழும்புதான் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வரவில்லை. அன்று கொடுத்த மற்ற இருவரும் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களுக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

போன ஞாயிறு பலாபத்வலைக்குப் போனேன். ஹலீமா என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டார். மருமகளைக் கூப்பிட்டு, "மகள், இவங்க இரத்தந்தான் என்ட உடம்புல ஓடுது. தேத்தண்ணி ஊத்துங்க" என்றார். என் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே இருந்தார். பேரப்பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். நான் சொன்னேன்.  முழுவதையும் சொன்னேன்.

ஹலீமா என் கையை விட்டார். பிள்ளைகளை உள்ளே போகச் சொன்னார். வெகுநேரம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மரியதாஸின் தைரியம் எனக்கு வரவில்லை, வரவும் வராது. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: அந்தக் கை விலகிய பிறகும் நான் எழுந்து போகவில்லை.