எறும்புகள் தின்ற கணக்கு

குளியலறை மூலையில், தண்ணீர் போகும் துளையைச் சுற்றிச் சிற்றெறும்புகள் மொய்த்திருப்பதை ஒரு நாள் காலையில் பதருன்னிசா பார்த்தாள். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி விரட்டினாள். மறுநாள் மறுபடியும் அதே இடம், அதே கூட்டம்.

வேறு யாராக இருந்தாலும் எறும்பு மருந்தைத் தூவிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். ஆனால் அவள் அண்ணன் ஹுசைனைப் படுக்கையில் போட்டுப் பார்த்தவள். கோவளத்தில் கடை வைத்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வாழ்ந்த மனிதன். சர்க்கரை வியாதி வந்தபோது, அவன் சிறுநீர் கழித்த இடத்திலும் முதலில் வந்தது எறும்புதான். பிறகு ஆள் இளைத்தான். பிறகு கட்டைவிரல் கறுத்தது. முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்த பிறகும், "பதரு, பாதம் அரிக்குதும்மா, கொஞ்சம் சொறிஞ்சு வுடேன்" என்பான். இல்லாத பாதம் இருந்த இடத்தில் வெறும் படுக்கை விரிப்பைச் சொறிந்துவிட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். அவனை அடக்கம் செய்து வருஷங்கள் ஓடிவிட்டன. அவள் நகக்கண்களில் மட்டும் அந்த விரிப்பின் சொரசொரப்பு இன்னும் போகவில்லை.

இப்போது அதே எறும்புகள் அவள் வீட்டிலேயே வந்து நிற்கின்றன.

அவள் கணவர் நூர்முகமதுவுக்குச் சர்க்கரை வியாதி வந்து பல வருஷமாகிறது. கேளம்பாக்கத்திலிருந்து சிறுசேரிக்குக் கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்களை ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறார். ஒரே மகள் ஆஸ்மாவை மறைமலைநகரில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். பதருன்னிசா பக்கத்து டீக்கடைகளுக்குச் சம்சா போட்டுக் கொடுப்பாள். கறிச்சோறு, மீன் குழம்பு என்று நன்றாகச் சாப்பிட்டு, தொப்பை ஸ்டியரிங்கில் இடிக்கும் அளவுக்கு வளர்ந்திருந்த மனிதர் அவர்.

வேனில் தினம் முன்சீட்டில் உட்கார்ந்து வரும் விஷால் என்ற பையன்தான் அவர் போனில் ஓர் ஆப்பைப் போட்டுக் கொடுத்தான். சாப்பிடுவதையெல்லாம் அதில் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு இவ்வளவு கலோரி என்று அது ஒரு கோடு கிழிக்கும். கோட்டைத் தாண்டாவிட்டால் பச்சை எழுத்தில் பாராட்டும். விஷால் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். பாய்க்குச் சர்க்கரை இருப்பது அவனுக்குத் தெரியாது. நூர்முகமதுவும் சொல்லவில்லை. வியாதியைச் சொன்னால் வேனை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு.

சில நாட்களிலேயே அதில் ஒரு சந்து கண்டுபிடித்தார். கீரையும் மீனும் சோறும் எவ்வளவு கலோரியோ, அவ்வளவு கலோரிக்கு கிரீம் பன்னும் பிஸ்கெட்டும் பாட்டில் ஜூஸும் கிடைக்கும். கோட்டையும் தாண்டாது. நாக்குக்கும் ஆச்சு, கணக்குக்கும் ஆச்சு.

எடை சரசரவென்று இறங்கியது. தொப்பை போனது. கன்னம் ஒட்டியது. தெருவே மூக்கில் விரல் வைத்தது.

"இன்னா பாயம்மா, பாய் புது மாப்ள கணக்கா ஆய்ட்டாரு!" என்றாள் மீன் கூடையை இறக்கி வைத்த ஆதியம்மாள். "உஷாரா இருந்துக்கோ, ரெண்டாவது நிக்காஹ்வுக்கு ரெடியாய்கினு கீறாரு போல."

"பண்ணிக்கட்டும். வர்றவ அவரு லுங்கியத் தொவைக்கட்டும்" என்று பதருன்னிசாவும் சிரித்தாள். கூடை தெருமுனை தாண்டியதும் அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து உதிர்ந்தது. அவர் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பதையும், ராத்திரியில் எழுந்து எழுந்து போவதையும் யாரிடம் சொல்வாள்?

இந்த நேரத்தில்தான் நோன்பு மாதம் பிறந்தது. முதல் நோன்புக்கே அவர் சர்க்கரை மாத்திரையை அலமாரியில் எடுத்து வைத்துவிட்டார்.

"நோம்பு வெச்சிகினு மாத்திர போட்டா சர்க்கர லோ ஆய்டும். அதான் எடை கொறஞ்சிச்சே, சர்க்கரயும் கொறஞ்சிருக்கும். இன்னாத்துக்கு அது?"

"டாக்டரக் கேட்டுட்டு நிறுத்தலாமேங்க."

"டாக்டரு இன்னா சொல்லுவாரு? எடையக் கொறன்னாரு. கொறச்சாச்சு."

அன்று மாலை பள்ளிவாசலிலிருந்து தூக்கில் வாங்கி வந்த நோன்புக் கஞ்சியை அவர் முன்னால் வைத்தாள். பருப்பும் வெந்தயமும் கொஞ்சம் கறியும் போட்டுக் கொதித்த கஞ்சி. அவர் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, ரோஸ் சர்பத் ஜக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டார். பக்கத்தில் பேரீச்சம்பழம், ஜீராவில் ஊறிய குலாப் ஜாமூன்.

"கஞ்சிய ஒரு வாயாவது குடிங்க."

"கஞ்சியும் கலோரிதான், சர்பத்தும் கலோரிதான். நாள் பூரா பட்டினி கெடந்து சேத்து வெச்சத எனக்குப் புடிச்சதுல செலவு பண்றேன். உனக்கு இன்னா பேஜாரு?"

"ரெண்டும் ஒண்ணா? கஞ்சி நிக்கிற மாதிரியா சர்பத்து நிக்கும்?"

"நீ இன்னா டாக்டருக்குப் படிச்சியா? டீசல எந்த பங்க்ல ஊத்துனா இன்னாடி, வண்டி ஓடும்."

"டீசல ஊத்துனா ஓடும்ங்க. உங்க வண்டியில பெட்ரோல ஊத்துனா?"

டம்ளர் ஒரு கணம் உதட்டருகில் நின்றது. பிறகு மடக் மடக்கென்று உள்ளே போனது. "வாய் மட்டும் நல்லாப் பேசுது" என்றார்.

இனியும் அடக்க முடியாமல் அவள் சொல்லிவிட்டாள். "குளியல்ரூமுல எறும்பு மொய்க்குதுங்க."

"சம்சா மாவக் கொட்டியிருப்ப."

"அங்க எதுக்குங்க மாவு போகுது? ஹுசைன் அண்ணனுக்கும் இப்பிடித்தான்..."

"நிறுத்துடி!" பாயில் கையால் ஓங்கி அறைந்தார். "நோம்பு தொறக்குற நேரத்துல சாவப் பத்திப் பேசிகினு கீற!"

கத்திய மனிதர் உடனே போனை எடுத்து ஆப்பைத் திறப்பதைப் பதருன்னிசா பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவருக்கும் தெரியும்! தெரிந்துதான் ரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் ஒளிகிறார். அந்தப் பச்சை எழுத்து அவருக்குக் கணக்கு அல்ல, தாயத்து. தினமும் அதைத் தொட்டுப் பார்த்துத் தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொள்கிறார். தன் பயத்தை மட்டும் சுமந்துகொண்டிருந்தவள் மேல் அவருடைய பயமும் வந்து ஏறிக்கொண்டது. "ரப்பே, இன்னொரு தடவை என்னால் அந்த விரிப்பைச் சொறிய முடியாது" என்று அன்று தொழுகைப் பாயில் நெற்றியை வைத்தவள் நெடுநேரம் நிமிரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை. மக்ரிப் தொழுகை முடிந்து அவர் வீட்டுக்கு வந்தார். கூட்டத்தில் யாரோ அவர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள் என்று எரிச்சலோடு சொல்லிக்கொண்டே வெறுங்காலுடன் உள்ளே நடந்தார். "புதுச் செருப்புடி. நோம்பும் அதுவுமா எவன் மாட்டிகினு போனானோ" என்றவர், கூடத்தைக் கடந்து அடுப்படி வாசல்வரை வந்து, தண்ணீர் கேட்டார்.

தண்ணீரோடு திரும்பிய பதருன்னிசாவின் கண் தரையில் விழுந்தது.

வெள்ளை டைல்ஸில் வாசலிலிருந்து அவர் நிற்கும் இடம்வரை சிவப்பாகக் காலடிகள். ஒன்று விட்டு ஒன்று. வலது காலடி மட்டும்.

சொம்பு கையிலிருந்து நழுவி உருண்டது. "ஏங்க... கால்! கால்!"

"இன்னாடி?" என்று குனிந்து பார்த்தார். காலைத் தூக்கிக் காட்டினார். சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு கண்ணாடிச் சில்லு பாதி இறங்கி நின்றது. சுற்றிலும் சதை ஏற்கெனவே கறுத்து, வீங்கி, நாற்றம் வீசியது. சில்லு இன்றைக்கு ஏறியது. அந்தக் கறுப்பு இன்றைக்கு வந்ததல்ல.

"வலிக்கலையாங்க?"

நூர்முகமது தன்னுடைய காலையே யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தார்.

ஆதியம்மாளுக்கு அரசு என்று ஒரு மகன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். பதருன்னிசா போட்ட கூச்சலில் ஓடி வந்து அவரைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தான். திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பறந்தது. வழி நெடுகப் பதருன்னிசா அவர் காலைத் தன் மடியில் வைத்து முந்தானையால் சுற்றிப் பிடித்திருந்தாள். தான் கையை எடுத்தால் கால் தனியே போய்விடும் என்பதுபோல் ஒரு பிடி. இதே காலோடு, இதே மரத்த பாதத்தோடு, இன்று காலையில்கூட வேன் நிறையக் கம்பெனிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பிரேக்கை மிதித்திருக்கிறார் என்ற நினைப்பு நடுவில் வந்தபோது பிடியை இன்னும் இறுக்கினாள்.

"பயப்படாத பாயம்மா, வந்துட்டோம்" என்றான் அரசு.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் விரல் நுனியில் குத்தி ஒரு துளி ரத்தத்தைச் சின்ன மெஷினில் வைத்தார். எண் வரவில்லை. இரண்டு ஆங்கில எழுத்து மட்டும் வந்தது.

"மெஷின் ரிப்பேரா சிஸ்டர்?" என்று ஈனக்குரலில் கேட்டார் நூர்முகமது.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. அது அளக்குற அளவத் தாண்டிப் போயிருக்கு, உங்க சர்க்கரை."

தினம் ஒரு எண்ணை நம்பி வாழ்ந்த மனிதருக்கு, அன்று சொல்ல எண்ணே இல்லை.

மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது பெண் டாக்டர் பதருன்னிசாவைத் தனியே அழைத்து விவரம் கேட்டார். அவள் ஒன்று விடாமல் சொன்னாள். ஆப், கிரீம் பன், நிறுத்திய மாத்திரை, சர்பத், இளைத்த உடம்பு, குளியலறை எறும்பு.

"எடை குறைஞ்சது நல்லதுக்கு இல்லம்மா" என்றார் டாக்டர். "கலோரிங்கிறது சாப்பாட்டுல எவ்வளவு சக்தி இருக்குன்னு சொல்ற அளவு. அவ்வளவுதான். உள்ள போய் அது என்ன பண்ணும்னு சொல்லாது. பருப்பு, கறி, கீரையோட சேர்ந்து போற சாப்பாடு மெதுவா கரையும். கஞ்சியும் அளவாத்தான் குடிக்கணும், ஆனா சர்பத் மாதிரி ஒரே மூச்சுல ரத்தத்துல பாயாது. இவர் உடம்பால அந்தச் சர்க்கரைய எடுத்துக்கவே முடியல. எடுத்துக்க முடியாதது சிறுநீரோட சேர்ந்து வெளிய போயிடுது. சக்தி கிடைக்காத உடம்பு தன் சதையையே தின்ன ஆரம்பிச்சிடுச்சு. அதைத்தான் எல்லாரும் இளைச்சிட்டார்னு பாராட்டியிருக்கீங்க."

பதருன்னிசா கேட்டாள். "அப்ப... அந்த எறும்புங்க?"

"அவர் தன் கணக்குல எழுதினதுல ஒரு பங்கை அதுங்கதாம்மா சாப்பிட்டிருக்கு."

"காலு?" என்றாள்.

டாக்டர் கேஸ் தாளைப் புரட்டினார். புரட்டி முடிப்பதற்குள் பதருன்னிசா செத்துப் பிழைத்தாள். "விரல் ஒண்ணு போகும். காலைக் காப்பாத்தப் பார்க்கிறோம். ரெண்டு நாள் தாண்டணும்."

அந்த இரண்டு நாளும் அவள் வராந்தாவில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு கிடந்தாள். ஓடி வந்த ஆஸ்மா, "அம்மா, ஒரு வாய் தண்ணியாவது குடிச்சு நோம்பத் தொற" என்று கெஞ்சினாள். ஸ்டிரெச்சர் உருளும் சத்தம் கேட்கும்போதெல்லாம் பதருன்னிசாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. சுண்டுவிரல் போனது. கால் நின்றது.

கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல் அழுதார். "பெட்ரோல ஊத்திட்டேன் பதரு. தெரிஞ்சே ஊத்திட்டேன். இந்த வருசம் நோம்பும் போச்சு."

"நோயாளிக்கு அல்லாஹ்வே விலக்கு குடுத்துருக்கான். உங்களுக்கு மட்டும் இன்னா தனிச் சட்டமா?" என்று அதட்டி, முகத்தைத் துடைத்துவிட்டாள்.

பெருநாள் முடிந்து இப்போது வீட்டில் இருக்கிறார். தினம் ஊசி. மாத்திரை. கால் சரியாகி டாக்டர் சொல்லும்வரை வேன் இல்லை. விஷால் வந்து பார்த்து, கண் கலங்கி, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாய்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஆதியம்மாள் சங்கரா மீன் கொண்டுவந்து, "கொளம்புல போடு, எண்ணையில போடாத" என்று உத்தரவு போட்டாள். குளியலறைத் துளையில் எறும்பு இல்லை. ஆனாலும் விடிந்ததும் பதருன்னிசா முதலில் போய் நிற்பது அங்கேதான்.

மாலையானால் அவர் பாதத்தை மடியில் வைத்து, டாக்டர் சொன்னபடி ஒவ்வொரு இடமாகப் புண் இருக்கிறதா என்று பார்ப்பாள். விரலால் அழுத்திக் கேட்பாள். "இப்ப தெரியுதா?"

"தெரியுது."

"இங்க?"

"தெரியுதுடி. நல்லாத் தெரியுது."

நேற்று ஏனோ சந்தேகம் வந்தது. கண்ணை மூடிச் சாய்ந்திருந்தவரின் பாதத்திலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இப்ப?"

"ம்ம். தெரியுது" என்றார் அவர், அவளைச் சந்தோஷப்படுத்தும் குரலில்.

பதருன்னிசாவின் கண்ணில் நிறைந்தது ஒரு சொட்டாக உடைந்து அந்தப் பாதத்தின் மேலேயே விழுந்தது.

அதுவும் அவருக்குத் தெரியவில்லை.