எங்கத்தா இளைக்கவைத்த ஃப்ளைவீல்

எங்கத்தா மீரானுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. இருப்பது வயிற்றெரிச்சல் ஒன்றுதான். பக்கத்து வீட்டு குக்கர் எங்கள் குக்கருக்கு முன்னால் விசில் அடித்தால்கூட முகம் சுருங்கிவிடும். ஆனால் அதிகமாக எரிவது தெருமுனை அல் அமீன் அண்ணனை நினைத்துத்தான்.

இருவரிடமும் பழைய அம்பாசிடர். அத்தாவுடையது வெள்ளை. பேகம்பூரில் எங்கள் பக்கம் நிக்காஹ் என்றால் அதுதான் மாப்பிள்ளை வண்டி. முன்னால் தஃப் மேளம் அடித்துக்கொண்டு ஆட்கள் நடக்க, வண்டியும் அவர்கள் பின்னாலேயே நடக்க வேண்டும். ஓடவும் கூடாது, நிற்கவும் கூடாது. நடுவழியில் மாப்பிள்ளை இறங்கிவிட்டால், அவருக்குப் பேரன் பிறக்கும்வரை பெண்வீட்டார் அதையே பேசுவார்கள். அத்தா முதல் கியரைப் போட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டே மண்டபத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். மற்ற நாளெல்லாம் வாடகை டிரைவர். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் மாப்பிள்ளைக்கு அடுத்தபடி அவர்தான்.

அமீன் அண்ணனின் கறுப்பு வண்டியை எந்த மாப்பிள்ளையும் கூப்பிட்டதில்லை. ஆனால் மிதித்தவுடன் விருட்டென்று உறுமும். பையன்கள் கூடி நின்று செல்போனில் படம் பிடிப்பார்கள். அத்தாவின் வண்டியோ மிதித்த பிறகு யோசித்து, பிஸ்மி சொல்லி, அப்புறம்தான் கிளம்பும்.

"அமீன் அண்ணன் வண்டி புலி மாதிரி உறுமுதுல்லத்தா?" என்று வேண்டுமென்றே கேட்பேன்.

"பசிச்சா என் வயிறுந்தான் உறுமுது. போ, போயி டுடோரியல் புக்க எடு."

அந்த உறுமலின் ரகசியத்தை ஒருநாள் அத்தா கண்டுபிடித்துவிட்டார். அமீன் அண்ணன் வண்டியில் இருப்பது ராயப்பராஜின் லேத் பட்டறையில் கடைந்து கனம் குறைத்த ஃப்ளைவீல்.

ஃப்ளைவீல் என்பது இன்ஜினுக்கும் கிளட்சுக்கும் நடுவில் இருக்கும் கனத்த இரும்புச் சக்கரம். என்னை ஃபெயிலாக்கிய இயற்பியல் புத்தகத்தைவிட பஸ் ஸ்டாண்டு கரும்புச்சாறு வண்டி இதை நன்றாகப் புரியவைத்தது. அதன் பெரிய சக்கரத்தைச் சுற்றிவிடுவதுதான் கஷ்டம். சுற்றத் தொடங்கிவிட்டால் தடித்த கரும்பு வந்தாலும் நிற்காமல் நசுக்கிக்கொண்டு போகும். இன்ஜினில் பிஸ்டன் விட்டுவிட்டுத்தான் தள்ளுகிறது. ஒரு தள்ளலுக்கும் அடுத்ததற்கும் நடுவே சுழற்சி செத்துப்போகாமல் பிடித்துக்கொள்வது ஃப்ளைவீலின் கனம். கனத்தைக் குறைத்தால் இன்ஜின் சட்டென்று வேகம் ஏறும். சட்டென்று அடங்கியும் போகும்.

இதில் முதல் பாதி மட்டும்தான் அத்தாவின் காதில் விழுந்தது. அத்தாவின் அக்காவான என் மாமியின் மகன் ஃபாரிஸின் நிக்காஹுக்கு முதல் நாள், வண்டியை ராயப்பராஜிடம் கொண்டுபோனார்.

"நல்லா யோசிச்சுக்கங்கண்ணே," என்றார் ராயப்பராஜ். "கடைஞ்ச இரும்ப மறுபடி ஒட்டவைக்க முடியாது. ஓட்டத்துக்கு நல்லாருக்கும், நடைக்குத் தாங்காது."

"அமீனுக்குக் கடையும்போது இம்புட்டுப் பேசுனியா?"

"அவருக்கும் இதத்தாண்ணே சொன்னேன்."

"அவன் கேக்கல, நான் மட்டும் கேக்கணுமாக்கும்? கடைஞ்சு விடு அப்பு."

அன்று சாயங்காலம் பைபாஸில் வண்டி பறந்தது. திரும்பும்போது அமீன் அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தி உறுமவிட்டார். அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"சிரிக்கிறான் பாரு. உள்ளுக்குள்ள எரியுது அவனுக்கு," என்றார் அத்தா, அவ்வளவு சந்தோஷமாக.

மறுநாள் காலை தஃப் முழங்கியது. பின்சீட்டில் பூமாலைக்குள் ஃபாரிஸ். முன்சீட்டில் அவன் செருப்புப் பையோடு நான். அத்தா முதல் கியரைப் போட்டார், காலை எடுத்தார், மீசைக்குக் கையைக் கொண்டுபோனார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்து லேசாக மிதித்தார். தஃப் அடித்தவரின் குதிகாலை இடிக்கப் பார்த்தது. பிரேக் பிடித்தார். மறுபடி அணைந்தது.

"மாமா, நான் வேணா இறங்கி நடக்கவா?" என்றான் ஃபாரிஸ், பாவம்.

"இறங்குனா கால ஒடிச்சிருவேன்!"

பின்னால் யாரோ, "மாப்பிள்ளைய அமீன் வண்டியில ஏத்துங்கப்பா," என்றார்கள். அத்தாவின் கை ஸ்டியரிங்கிலேயே ஒட்டிக்கொண்டது. வெள்ளை வண்டியை விட்டு மாப்பிள்ளை இறங்கினால், இனி இந்தத் தெருவில் அத்தாவை எந்தக் கல்யாணத்துக்கும் கூப்பிடமாட்டார்கள்.

ஜன்னலில் அமீன் அண்ணனின் தலை தெரிந்தது. சத்தம் வெளியே போகாமல் பேசினார்.

"என் வண்டியும் நடைக்குத் தாங்காதுண்ணே. நீங்க நியூட்ரல்ல போட்டு இன்ஜின உறுமவிட்டுக்கிட்டே இருங்க. பின்னால நாங்க பாத்துக்குறோம்."

பையன்கள் டிக்கியில் கை வைத்து, கொண்டாட்டத்தில் கூடவே நடப்பவர்களைப் போலத் தள்ளினார்கள். நடுவில் அமீன் அண்ணன், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்ட. உள்ளே இன்ஜின் வெறுமனே கத்த, வண்டி தஃபின் பின்னால் ஒழுங்காக நடந்தது. மாப்பிள்ளையின் கால் மண்டப வாசலில்தான் தரையைத் தொட்டது.

நாலு பேர் சேர்ந்து சாப்பிடும் பிரியாணி சகன் தட்டில் அமீன் அண்ணன் எதிரில் வந்து உட்கார்ந்தார். அத்தா சோற்றைப் பார்த்தே சாப்பிட்டார்.

"அண்ணே, நான் கடைஞ்சது பழைய இரும்புக் கடையில வாங்குன வேற சக்கரம். என் வண்டியோட சொந்த ஃப்ளைவீல் வீட்டுல சும்மாதான் கெடக்கு. எடுத்து மாட்டிக்கங்க."

"ஒன்ட்ட யாரு கேட்டா?"

"யாரும் கேக்கலண்ணே. என்னையத்தான் எந்தக் கல்யாணத்துக்கும் கேக்க மாட்டேங்குறாங்களே. என் சக்கரமாச்சும் ஊர்வலம் போகட்டும்."

அத்தா தன் பக்கத்திலிருந்த கறித்துண்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அத்தா கறித்துண்டை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ராயப்பராஜ் அந்தச் சக்கரத்தை மாட்டிக்கொடுத்தார். வண்டி மறுபடி நடக்கிறது. மாமி அதில் ஏறிப் போனவள், "என்னடா மீரான், முன்னைக்கு இப்ப இன்னும் பதமா போகுதே!" என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். அத்தாவின் முகம் பழையபடி சுருங்கிவிட்டது.

அன்றைக்கு அத்தா பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மிதிக்காமலே இன்ஜின் ஐடிலில் ஓடுவதை ரொம்ப நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நுஸைபா, உண்மையச் சொல்லு. நம்ம சக்கரம் இதவிட நல்லாத்தான ஓடுச்சு?"

இரண்டுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை.

"ஆமாத்தா, அமீன் அண்ணனோடது கொஞ்சம் மட்டந்தான்," என்றேன். பொய் சொன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அன்று பானட்டுக்குள் குனிந்துகொண்டேன்.