காளான் மேல் ஏறிய கேஸ்காரர்

ஸ்பெயினின் செவில் நகரத்தில், என்கார்னசியோன் சதுக்கத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்களில் இசிதோரோவின் குரலைக் கேட்காதவர் கிடையாது. ஆரஞ்சு நிற கேஸ் சிலிண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு, லிஃப்ட் இல்லாத கட்டடமாகப் பார்த்து அடியில் நின்று, "கேஸூ!" என்று ஒரு சத்தம் கொடுப்பார். தொட்டிலில் தூங்குகிற குழந்தை எழுந்து உட்காரும். பால்கனியில் துணி காயப்போடுகிறவள் சண்டைக்கு வருவாள். "ஏன்யா, ஊர்ல எல்லாரும் செவிடுன்னு நெனப்பா?" என்பாள். அதற்கும் சிரிப்பார். ஐம்பது வயதைத் தாண்டிய அந்த மனுஷருக்குச் சொத்து என்று இருந்தது அந்தத் தொண்டையும், காளை மாட்டுக்கு இருப்பது போன்ற ஒரு பிடரியும்தான்.

அந்தப் பிடரி கேஸ் தூக்கி வந்ததல்ல. மாதாவைத் தூக்கி வந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய பரிசுத்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை எங்கள் பேட்டை மாதா சப்பரத்தில் ஏறி ஊர்வலம் போவாள். முன்னால் யேசுவின் சப்பரம், பின்னால் அம்மாவின் சப்பரம். அம்மாவுக்கு மட்டும் வெள்ளித் தூண்கள், வெல்வெட் விதானம், முன்வரிசையில் காடு மாதிரி மெழுகுவர்த்திகள். அத்தனை பாரத்தையும் திரைக்குள்ளே குனிந்து நின்று, தலையில் சும்மாடு கட்டிப் பிடரியில் தாங்குவது சுமக்கிற ஆட்கள். உள்ளே இருட்டு, வியர்வை, முன்னால் போகிறவனின் முதுகு. வெளியில் எதுவும் தெரியாது. வெளியே நின்று வழி சொல்கிற மேஸ்திரியின் குரல் ஒன்றுதான் கண்.

இசிதோரோ இருபது வயதில் அந்தத் திரைக்குள் புகுந்தவர். ஆள் மாற்றும்போது வெளியே வந்து இளைப்பாறுவார்கள் அல்லவா, அப்போது மற்றவர்கள் ஓடிப்போய் முன்னால் நின்று மாதாவைப் பார்த்துக் கண்ணீர் விடுவார்கள். இவர் பின்னாலேயே நடப்பார். "வேலை முடியிற வரைக்கும் மூஞ்சியப் பாக்கக் கூடாது. பாத்தா முழங்கால் தளந்துரும்" என்று தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தார். வேலை முடியும்போது மாதா கோயிலுக்குள் போய்விட்டிருப்பாள். ஆக, தெருவில் அவள் எதிரே வருகிற கோலத்தை ஊரே பார்த்திருந்தது, சுமந்தவர் பார்த்ததில்லை.

"பொண்டாட்டி மூஞ்சியப் பாக்காமலே குடும்பம் நடத்துறான்யா இவன்" என்று கூட்டாளிகள் கிண்டலடிப்பார்கள்.

நிஜப் பொண்டாட்டி வால்மே. சதுக்கத்துச் சந்தையில் ஊறவைத்த ஆலிவ் காய் விற்கிறாள். சந்தைக்கு மேலேதான் ஊரார் காளான் என்று கூப்பிடுகிற அந்த மரக் கட்டடம் விரிந்து நிற்கிறது. தடித்த தண்டுகள், தண்டுக்கு மேல் அலை அலையாகச் சல்லடைக் கூரை, கூரை முதுகில் வளைந்து வளைந்து போகும் நடைபாதை. நானூறு வயதுக் கோயில்களுக்கு நடுவே அது வந்தபோது ஊர் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. சண்டை மற்றவர்களுக்கு ஓய்ந்துபோயிற்று, இசிதோரோவுக்கு ஓயவில்லை.

"கீழ நின்னு பாத்தாலே கண்ணு வலிக்குது. இதுக்கு மேல வேற ஏறணுமா?" என்பார்.

"ஆகஸ்ட் வெயில்ல அதுதான்யா எனக்கு நெழல் குடுக்குது" என்பாள் வால்மே. "நீ என்னிக்காவது குடுத்திருக்கியா?"

போன வருஷம் தவக்காலத்துக்கு முன்னால்தான் வினை வந்தது. சுமக்கிறவர்களின் உயரம் பார்த்து வரிசை பிரிக்கிற நாள் ஒன்று உண்டு. தலை உயரம் அல்ல, பிடரி உயரம். ஒரே வரிசையில் நிற்பவர்களின் பிடரிகள் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். மேஸ்திரி காமிலோ, இசிதோரோவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன், வரிசை வரிசையாகப் பிடரியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தான். இசிதோரோவிடம் வந்ததும் கை நின்றது. கண்ணைக் கீழே இறக்கிச் செருப்பைப் பார்த்தான்.

"கழட்டு."

"எதுக்கு?"

"கழட்டுடா."

கயிற்று அடி வைத்த அந்தச் செருப்புக்குள்ளிருந்து மடித்த செய்தித்தாள் வந்தது. ஒரு காலில் விளையாட்டுப் பக்கம், இன்னொரு காலில் மரண அறிவிப்பு. சிலிண்டர் சுமந்து சுமந்து மனுஷர் இரண்டு விரற்கடை குறைந்துபோயிருந்தார். வரிசை மட்டத்துக்கு வர, குதிகாலில் காகிதம் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்! சுற்றி நின்ற பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

காமிலோ மட்டும் சிரிக்கவில்லை. "போன வருசமே எனக்குத் தெரியும்டா. வாயை மூடிட்டு இருந்தேன். நடக்க நடக்கக் காகிதம் அமுங்கிருது. மத்தவன் தூக்குறான், நீ அடியில உலாத்துறே. வளைவுல உன் கால் பிசகிச்சுன்னா எத்தன பேரு மேல விழும்? வேணாம் இசிதோரோ. போதும்" என்றான்.

எல்லார் முன்னாலும் வெறுங்காலோடு நின்ற அவமானத்தில் இசிதோரோவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இனிமே இந்த ஊர்வலத் தெருவுல நான் கால் வெச்சா என் பேரு இசிதோரோ இல்ல. உன் மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேன்!" என்று கத்திவிட்டு, காகிதத்தையும் செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

கத்தியாகிவிட்டது. ஆனால் வேலை முடிந்துவிட்டதல்லவா? இனி மாதாவின் முகத்தைப் பார்க்கலாம். அதுவரை அடக்கி வைத்திருந்த ஆசை முழுவதும் இப்போது கிளம்பி வந்தது. பார்க்க வேண்டுமானால் தெருவில் நிற்க வேண்டும். தெருவில் நின்றால் காமிலோ பார்ப்பான், ஊர் சிரிக்கும். பரிசுத்த வாரம் நெருங்க நெருங்க மனுஷர் சாப்பாட்டில் கை வைப்பதையே விட்டுவிட்டார். அந்த வாரத்துக்கென்றே செய்கிற தேன் ஊற்றிய ரொட்டி வறுவலைக்கூடத் தொடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை வால்மே இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"யோவ், தெருவுலதானே கால் வெக்க மாட்டேன்னே?"

"ஆமா."

"காளான் தெரு இல்லியே?"

இசிதோரோ எழுந்தார். நேரே போய் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

சந்தைக்கு அடியிலிருந்து லிஃப்டில் ஏறினார்கள். கதவு திறந்ததும் காற்று முகத்தில் அடித்தது. முதலில் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, "மாதாவே, இது ஆடுது" என்றார். ஆடவில்லை. ஆடியது அவர் கால்தான். இரண்டு வளைவு ஏறி இறங்கியதும் தலையை நிமிர்த்திப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஊரின் மாடிகள் எல்லாம் காலடியில் கிடந்தன. கதீட்ரல் கோபுரம் ஒரு பக்கம், மடத்துக் கன்னியரின் துணிக்கொடி ஒரு பக்கம். மாடிக்கு மாடி, மூலைக்கு மூலை, ஆரஞ்சு நிறத்தில் என்னமோ மினுக்கியது.

"வால்மே! அது என் சிலிண்டர்!"

"எது?"

"அதோ, அந்த மஞ்ச வீட்டு மாடியில. அது நான் ஏத்துனது. அங்க பாரு, அதுவும்! அடியே, அந்தக் கிழவி காலி சிலிண்டரைத் திருப்பியே குடுக்காம அதுல செடி வெச்சிருக்காடி!"

பத்து நிமிஷத்தில் காளான் மேலிருந்தவர்களுக்கெல்லாம் ஊரில் எந்த வீட்டில் கேஸ் தீரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் இதைத் திட்டியதற்கு வெட்கப்படுகிற ஆளா அவர்? "மேல வந்தாத்தான்டி இதோட அருமை தெரியுது. கீழ நிக்கிறவனுக்கு என்ன தெரியும்?" என்று கட்டடத்தையே தான் கட்டியது மாதிரி பேசினார்.

வெயில் சாயும் நேரத்துக்குத் தெருமுனையில் பேண்டு சத்தம் கேட்டது. கூம்புத் தொப்பியால் முகம் மறைத்த பக்தர்களின் வரிசை வந்தது, சாம்பிராணிப் புகை வந்தது, யேசுவின் சப்பரம் வந்தது. மேலிருந்து முள்முடி முதல் பாதம் வரை அத்தனையும் தெரிந்தது. இசிதோரோவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த ஒரு தடித்த அம்மாளிடம், "இதுக்கே இப்படின்னா, அம்மா வரட்டும், அப்ப பாருங்க! முப்பது வருசத்துக்கு மேல தூக்கினவன் நான். இன்னிக்குத்தான் முகம் பாக்கப் போறேன்" என்றார். அந்த அம்மாளும் கண் கலங்கி, விதைப் பொட்டலத்தில் பாதியை அவர் கையில் கொட்டினாள். தகவல் கைப்பிடி நெடுகப் பரவி, நல்ல இடத்தை அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

மாதா வந்தாள். மெழுகுவர்த்தி வெளிச்சம் சுவரில் ஏறியது. ஜனங்கள் மூச்சை அடக்கினார்கள். இசிதோரோ தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

பச்சை வெல்வெட் தெரிந்தது. நாலு மூலையிலும் தங்க ஜரிகை தெரிந்தது. வெள்ளித் தூண்களின் முனை தெரிந்தது.

கைப்பிடிக்கு மேல் இன்னும் எட்டினார், அதே வெல்வெட்தான்.

விதைக்கார அம்மாள்தான் மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, இது விதானமில்ல?"

விதானமேதான். அந்த விதானத்தின் பாரத்தைப் பிடரியில் தாங்கியவருக்கு, அது மாதாவின் தலைக்கு மேலே இருக்கிறது என்பது மறந்துபோயிருந்தது! வால்மே ஒரு கையால் தலையில் அடித்துக்கொண்டாள். மறு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அதையும் மீறி வந்தது. "கேஸ் மூளைய்யா உனக்கு. எனக்கும்தான்."

இசிதோரோ சிரிக்கவில்லை. கீழே விதானம் அசைந்து அசைந்து காளானை நோக்கி வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தான். சதுக்கத்தைத் தாண்டிவிட்டால் குறுகலான சந்துகள், உள்ளே நுழையவே முடியாது. இன்று விட்டால் இன்னும் ஒரு வருஷம். சப்பரத்துக்கு முன்னால் பின்னடி வைத்து நடந்துகொண்டிருந்த கறுப்புக் கோட்டு, காமிலோ. மேலிருந்து அவன் வழுக்கை நன்றாகத் தெரிந்தது.

"அவன் அங்க நிக்கிறானே" என்றார் இசிதோரோ.

"அவன் நிக்கிறான். அவளும் நிக்கிறா. யாருக்கு வேண்டி வந்தே?"

மனுஷர் தொப்பியைத் தலையில் மாட்டினார். ஓட ஆரம்பித்தார்.

லிஃப்ட் வாசலில் நீளமான வரிசை. வால்மே காவலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, எம் புருஷனுக்கு நெஞ்சு தாங்காது, சீக்கிரம் கீழ விடு" என்றாள். பொய் இல்லை. இசிதோரோவின் முகத்தைப் பார்த்த காவலாளி மறுபேச்சு பேசாமல் கதவைத் திறந்தான்.

கீழே ஊசி போட இடமில்லை. பேட்டையே திரண்டு நின்றது. தள்ளினால் சண்டை, கெஞ்சினால் காது கேட்காது. இசிதோரோ நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"கேஸூ! வழி விடு! கேஸூ!"

பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. சிலிண்டர் காலில் விழும் என்று பயந்தே வளர்ந்த ஜனம், திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டு பக்கமும் ஒதுங்கியது. ஒதுங்கிய பிறகுதான் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே புகுந்து, வால்மேயைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு, அவர் கூட்டத்தின் மறுபக்கம் போய் விழுந்தார். நிமிர்ந்தால் எதிரே காமிலோ.

சப்பரத்தை அப்போதுதான் தரையில் இறக்கியிருந்தார்கள். காமிலோவின் கை முன்பக்கத்து வெள்ளிச் சுத்தியின் மேல் இருந்தது. ஒரு தட்டுக்கு உள்ளே இருப்பவர்கள் தயாராவார்கள், அடுத்த தட்டுக்கு எல்லாரும் ஒன்றாக எம்புவார்கள். கை சுத்தியிலேயே நின்றுவிட்டது.

"தெருவுல கால் வெக்க மாட்டேன்னே" என்றான்.

"வெச்சுட்டேன்."

"இன்னும் கோவமா?"

"கோவந்தான்."

"இருக்கட்டும். வா இங்க."

காமிலோ குனிந்து திரைக்கு உள்ளே பேசினான். "பசங்களா, கேக்குதா? இந்தத் தூக்கல் இசிதோரோவுக்கு."

"யாரு, அந்தப் பேப்பர்காரரா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். திரைக்குள்ளே சிரிப்பு வெடித்தது. தூண்களில் தொங்கிய குஞ்சங்கள் குலுங்கின.

"அவரேதான். உங்கள்ள பாதிப் பேரு பொறக்குறதுக்கு முன்னாலருந்து இவ அடியில கெடந்தவரு. இன்னிக்குத்தான் எதிர்ல நிக்கிறாரு. அவரு கண்ணுக்கு முன்னால இவள வானத்துக்குத் தூக்குங்க!" இசிதோரோவின் கையைப் பிடித்துச் சுத்தியின் மேல் வைத்தான். "அடிடா."

இசிதோரோ அடித்தார். மறுபடி அடித்தார். ஒரே மூச்சில் சப்பரம் எம்பியது. மெழுகுவர்த்திக் காட்டுக்கு மேலே, விதானத்துக்குக் கீழே, அவள் முகம். கோயிலில் பார்த்தால் அழுகிற முகம். தெருவில், சுடர்கள் ஆட ஆட, அழுகை முடிந்து சிரிக்கப் போகிற பெண்ணின் முகமாக இருந்தது. அப்படியே அவரை நோக்கி நடந்து வந்தாள். அவர் பின்னடி வைத்து நகர்ந்தார். முழங்கால் தளர்ந்துதான் போயிற்று. காமிலோ அக்குளில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டான்.

"ஏதாவது சொல்லுய்யா அவளுக்கு" என்றாள் வால்மே, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

இசிதோரோ தொப்பியைக் கழற்றினார். பேட்டையையே எழுப்புகிற தொண்டையைத் திறந்தார். சிலிண்டர் விற்கிற அதே குரல், அதே சுருதி.

"அழகீ!"

"அழகீ!" என்று தெரு முழுதும் திருப்பிச் சொன்னது. எங்கோ ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

மேலே காளானில் நின்ற விதைக்கார அம்மாளுக்குக் கடைசி வரை விதானம் மட்டும்தான் தெரிந்ததாம். ஆனால் அந்தச் சத்தம் கேட்டதும் கைப்பிடி நெடுக எல்லாரும் கை தட்டினார்களாம், கேஸ்காரர் முகத்தைப் பார்த்துவிட்டார் என்று.