நான் வாசிக்காமல் விட்ட பெயர்

சகோதரிகளே, நான் சொல்லப்போவது என் வெட்கக்கேடு. அதற்குள்தான் தேவன் எனக்குப் பதில் தந்தார்.

கலியாணம் முடித்துப் பதினொரு வருடமாகியும் எனக்குப் பிள்ளை இல்லை. மருந்து, ஊசி, கொழும்புக்கு அலைச்சல் எல்லாம் பார்த்தாயிற்று. என் தங்கை விஜிக்கு அடுத்த வளவில்தான் வீடு. போன மாரியில், கலியாணமாகி ஆறு மாதத்திலேயே அவள் உண்டானாள். எனக்கு வயிறு எரிந்தது. அவள் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டாலே ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

ஐந்தாம் மாதம் அவளுக்கு இரத்தம் பட்டது. கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

"அக்கா, வெள்ளிக்கிழமை ஜெபத்தில என்ட பேரையும் வாசிங்க. பிள்ள தங்கணும்" என்று கையைப் பிடித்து அழுதாள்.

தன்னாமுனையில் எங்கள் உபவாச ஜெபத்தில், ஜெபம் கேட்பவர்களின் பெயரை எழுதி வாசிக்கும் விண்ணப்பக் கொப்பி என் பொறுப்பு. அவள் பெயரை எழுதினேன். வாசிக்கவில்லை. மூன்று வெள்ளிக்கிழமை அப்படியே தாண்டிப் போனேன். தங்கச்சி எப்படி என்று கேட்டவர்களுக்கு, சுகமாக இருக்கிறாள் என்றேன். எவ்வளவு கல்நெஞ்சு பாருங்கள்!

நான்காம் வெள்ளி வாசித்த வேதபகுதி, பிள்ளைக்காக ஆலயத்தில் அழுது, கேட்டபடியே பெற்ற பெண்ணைப் பற்றியது. எனக்கு அந்தப் பக்கமே பிடிக்காது. அவளுக்குக் கொடுத்தீர், எனக்கு ஏன் இல்லை என்று வேதத்தை மூடிவிடுவேன். அன்றுதான் உறைத்தது. அவளுக்குக் கிடைத்ததை எழுதிவைத்தது என்னைக் குத்திக்காட்ட அல்ல, நானும் துணிந்து கேட்கத்தான். கண்ணால் காணாத அவளுக்குக் கிடைத்ததை நம்பலாமென்றால், பக்கத்து வீட்டில் தேவன் செய்வதைப் பார்த்து ஏன் எரியவேண்டும்?

விஜியின் பெயரை வாசித்தேன். செய்ததையும் சொல்லி அழுதேன். எல்லாரும் முழங்காலில் நின்றார்கள்.

வீட்டுக்குப் போய் அவளிடமும் ஒப்புக்கொண்டேன்.

"இவ்வளவு நாளும் வாசிக்கிறீங்க எண்டுதானே நம்பிப் படுத்திருந்தன்" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தக் கிழமைக்குள்ளேயே இரத்தம் நின்றது. மாதம் நிறைந்து பெண் பிள்ளை பிறந்தது. தேவனுக்கு ஸ்தோத்திரம். விஜி என்னோடு பேசுகிறாள், ஆனால் பழையபடி இல்லை. அந்த வலியை நான் சுமக்கத்தான் வேண்டும்.

எனக்கு இன்னும் பிள்ளை இல்லை. ஆனால் ஜெபம் மாறிவிட்டது. அடுத்தவர் ஆசீர்வாதம் உங்கள் கண்ணை உறுத்தினால், அதையே சொல்லி தேவனிடம் கேளுங்கள். நானும் தினமும் கேட்கிறேன்: "என் விஜிக்குச் செய்தீரே ஆண்டவரே, எனக்கும் செய்யும்."