ரேடியோ டவரிலிருந்து தெரிந்த மொட்டை மாடி

எங்கள் ஊர்ப் பூங்காவில் நிற்கும் ரேடியோ டவருக்கு என்னைவிட வயது அதிகம். வீட்டுக்கு வீடு ரேடியோ இல்லாத காலத்தில், உச்சியில் நாலு பக்கமும் குழாய் கட்டி சாயங்காலச் செய்தி போடுவார்கள். அண்ணனும் நானும் புல்லில் உட்கார்ந்து கேட்போம். இப்போது வெள்ளையடித்து, மேலே ஏறி ஊரைப் பார்க்க விடுகிறார்கள். என் மனைவிக்கு ஒரு வாரமாக அதே பேச்சு.

எனக்குத்தான் மனசு ஓடவில்லை. வெள்ளிக்கிழமை அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்தது. கூடப் பிறந்தவனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்காத கல்யாணத்தில் எங்கள் ஆட்கள் படியேற மாட்டார்கள். அதுவும் ஒரே வீட்டின் மறுபாதியில் இருந்துகொண்டு வாட்ஸ்அப். பாகம் பிரித்து மொட்டை மாடியில் இடுப்பளவு சுவர் எழுப்பியதிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. போவதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். ஆனால் நான் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை அது. அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

"செவுத்தையே மொறச்சுக்கிட்டு இருக்கீக. காத்தாட வாங்க" என்று மனைவி இழுத்துப் போனாள்.

மேலே நல்ல காற்று. ஓட்டுக் கூரைகள், தண்ணீர்த் தொட்டிகள், தூரத்தில் குன்றக்குடி மலை. மலைக்கு மேல் கருத்துக் கிடந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூறல் விழுந்தது.

"அங்குட்டுப் பாருங்க, நம்ம மாடி. மொளகாயக் காயப் போட்டுட்டு வந்துட்டேனே" என்றாள்.

ரெண்டு தெரு தள்ளி எங்கள் மாடி தெளிவாகத் தெரிந்தது. செக்கச் செவேலென்று வத்தல். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிய ஆள் ஒருவர், முட்டியைப் பிடித்துக்கொண்டு சுவரில் ஏறி எங்கள் பக்கம் இறங்கினார். அந்தச் சாய்ந்த நடை எனக்குத் தெரியாததா? வத்தலை அவசர அவசரமாகக் கூட்டி, தார்ப்பாயைப் போட்டு மூடினார்.

"போன மழைக்கும் மூடித்தான் கெடந்துச்சு. நீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

நான் அவள் என்று நினைத்திருந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூறல் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

வழியில் வெற்றிலை பாக்கு வாங்கினேன். அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினோம். அவர்தான் திறந்தார், தலை இன்னும் ஈரம். வெற்றிலையை அவர் கையில் வைத்தேன்.

"நடுவுல உள்ளது கொஞ்சம் நனைஞ்சு போச்சுடா. நாளைக்கு நல்லாக் காய விடுங்க" என்றார்.

பிறகு மதினியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அதே வெற்றிலை பாக்கை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.