அறுவடை ஏலத்தில் எடுத்த கோழி

நாலு பேர் கைதட்டினால் நான் எதையும் வாங்கிவிடுவேன். கண்டியில் இரும்புக்கடை நடத்தும் எனக்கு அப்படியொரு வியாதி.

அந்த வருடம்தான் கெலிஓயா தேவாலயத்தின் அறுவடைப் பண்டிகைக்கு முதன்முதலாகப் போனேன். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டார்கள். ரோசலின் அக்கா என்ற விதவையின் கோழி வந்தது. யாரோ சின்னத் தொகை கேட்டார். நான் எழுந்து அதற்கு ஒரு ஆட்டின் விலையைச் சொன்னேன். போதகரே கைதட்டினார். பரலோகத்தில் நான் உட்கார ஒரு கதிரை போட்டாயிற்று என்ற நினைப்பில், கோழியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கறி வைக்கச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு ஆலயப் பணியாளர் சொன்னார்: "வருசா வருசம் அந்தக் கோழிய யாராச்சும் எடுத்து, அக்காகிட்டயே திருப்பிக் குடுத்துருவோங்க. முட்டை வித்துத்தான் அவங்க சாப்பிடுறாங்க. நீங்களும் குடுத்துருவீங்கன்னு நெனச்சோம்."

அன்றே இரண்டு கோழிகளோடு ரோசலின் அக்கா வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பதற்குக்கூடக் கடைவீதியில் வாங்கிய பொருளைத்தான் கொண்டுவந்திருக்கிறேன் என்பது வாசலில் நின்றபோதுதான் உறைத்தது.

அக்கா அந்தக் கோழிகளைப் பார்க்கவேயில்லை.

"கறி நல்லா வெந்துச்சா முதலாளி?" என்று கேட்டார். "வயசான கோழியாச்சே."