நாத்தனார் ஆல்பத்துக் கலர்

அந்த யோசனை எனக்கு உதித்தபோது வாயில் பூந்தி இருந்தது. அக்காவின் மாமியார் வீட்டுக் கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் ஒரு கல்யாண ஆல்பத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஆல்பம் அக்காவுடையது அல்ல, அக்காவின் நாத்தனாருடையது. அவரைக் கட்டிக்கொடுத்தது அடுத்த தெருவில். குடியிருப்பது பிறந்த வீட்டில். ஆல்பமும் அவரைப் போலவே இங்கேயே தங்கிவிட்டது.

அட்டையின் மேல் மாவு சலித்தது போல வெள்ளைத் தூசி. அரியலூரைத் தாண்டிச் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற சாலையை ஒட்டிய வீடு அது. பஸ்ஸிலிருந்து இறங்கி வாசலுக்கு வருவதற்குள் என் கறுப்புச் சுடிதார் சாம்பல் சுடிதார் ஆகியிருந்தது. துப்பட்டாவால் அட்டையைத் துடைத்தேன், நன்றாக ஒரு தும்மல் போட்டேன், திறந்தேன்.

திறந்ததும் பூந்தியை மெல்ல மறந்துவிட்டேன். அப்படி ஒரு கலர். வாழைமரம் பச்சையாகத்தான் இருந்தது, ஆனால் 'நான் பச்சை' என்று கத்தவில்லை. பட்டுப்புடவையின் சிவப்பு அடங்கி, கனிந்து இருந்தது. யாருடைய கண்ணுக்குக் கீழேயும் இருட்டு இல்லை, தாடைக்குக் கீழே கறுப்பு இல்லை. எல்லா முகமும் உள்ளே விளக்கேற்றியது போலிருந்தது. படத்தில் இருந்த அத்தனை பேரும் நல்லவர்களாகத் தெரிந்தார்கள், நாத்தனார் உட்பட.

"யார் எடுத்தது அண்ணி?"

"அரியலூர்ல ஒருத்தரு. அவரு கலரே தனி. வேற எவனுக்கும் வராது" என்றார், ஏதோ அந்தக் கலரை அவரே கரைத்துக் கொடுத்த மாதிரி.

அடுத்து, நாங்கள் விருந்துக்கு வரும்போது ஆசையாகக் கொண்டுவந்திருந்த கவரைப் பிரித்தார். அக்கா கல்யாணத்தின் முதல் பிரிண்டுகள். குன்னத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டு நடந்த கல்யாணம். எங்கள் ஊர் போட்டோகிராபர் பிலிமைத் தூக்கி எறிந்துவிட்டு டிஜிட்டலுக்கு மாறிய பிறகு எடுத்த முதல் கல்யாணமும் அதுதான். அந்தப் பெருமையை அவர் பந்தியில்கூட ஒவ்வோர் இலையாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நாத்தனார் ஒவ்வொரு படமாகப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார்.

"வாழமரம் ரெண்டும் நல்லா விழுந்திருக்கு" என்றார். அப்புறம், "ஆமா, இது யாரு, எந் தம்பியா? நா கூட பந்தக்காரன்னு நெனச்சேன்."

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவின் கணவரான மாமாவும் சிரித்தார், அவர் எதற்கும் சிரிப்பார். அக்கா மட்டும் பூந்தித் தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். அந்த வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. வருகிறவர்களுக்கெல்லாம் அதிலிருந்து ஆல்பத்தை எடுத்துக் காட்டுவது அங்கே காப்பி கொடுப்பது போன்ற கடமை. இனி ஆயுசு முழுக்க இரண்டு ஆல்பங்களும் அதில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒன்றில் நாத்தனார், உள்ளே விளக்கேற்றியபடி. இன்னொன்றில் அக்கா, வாழைமரத்துக்குத் துணையாக.

வேற எவனுக்கும் வராதாம்! நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிடிபி சென்டரில் போட்டோஷாப்பில் வேலை பார்க்கிறவள். நிறம் என்பது என்ன? மூன்று எண்கள். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. ஒரு மனுசனின் கைவண்ணத்தை மூன்று எண்களில் பிடித்துவிட முடியாதா?

பின்பக்கம் போய்த் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் சொன்னேன். "கவலப்படாதக்கா. நா மாத்தித் தரேன்."

"எத?"

"கலர. அப்படியே அச்சு அசலா அவரு கலரு."

"அப்படியே நாத்தனாரயும் மாத்திக் குடுத்துடு, புண்ணியமாப் போவும்" என்றாள். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கம் ஆல்பம் பெண் வீட்டுப் பொறுப்பு. ஆடிக்கு அழைத்துவந்த புதுப்பெண் ஆவணியில் திரும்பும்போது கையில் ஆல்பத்தோடு போகவேண்டும். இல்லையென்றால் சீர்த்தட்டில் ஒன்று குறைந்த மாதிரி. ஆக எனக்குக் கிடைத்தது ஆடி மாதம். சாதாரணக் கலைஞர்கள் ஆயுளையே செலவழிப்பார்கள். எனக்கு ஒரு மாதமே அதிகம் என்று பட்டது.

ஆடி பிறந்து அக்கா வந்தாள். பெட்டியில் புடவை மடிப்புக்குள் நாத்தனாரின் படம் ஒன்றை ஒளித்துக் கொண்டுவந்திருந்தாள். பிறந்த வீட்டு வாசலில் மாலையோடு அவர் தனியாக நிற்கிற படம். "தெரிஞ்சா என்னத் தலமுழுகிடுவாங்க. சீக்கிரம் பாத்துட்டுக் குடு" என்றாள்.

சாதிச் சான்றிதழும் ரேஷன் கார்டும் மட்டுமே பார்த்துப் பழகிய எங்கள் சென்டர் ஸ்கேனரில் நாத்தனாரைக் கவிழ்த்துப் போட்டேன். எனக்கு அனுபவம் இல்லாமல் இல்லை. காதுகுத்து பேனர்களில் தாய்மாமன்களைச் சிவப்பாக்கியிருக்கிறேன். வட்டச் செயலாளர்களின் கன்னத்தில் என் கை படாமல் பெரம்பலூரில் ஒரு பேனரும் ஏறியதில்லை. திரையில் இந்தப் பக்கம் நாத்தனார், அந்தப் பக்கம் அக்கா. பார்த்த மாத்திரத்தில் வியாதி பிடிபட்டது. எங்கள் படத்தில் எல்லா நிறமும் தூக்கல். நிறத்தின் அடர்த்தியைக் குறைக்கும் பட்டையைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தேன். வாழைமரம் அடங்கியது. புடவை அடங்கியது. ஆகா என்று ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பார்த்தாள். முகம் போன போக்கைப் பார்த்து, கலை அவளை உலுக்கிவிட்டது என்றே நினைத்தேன்.

"அடிப்பாவி! என்னடி பண்ணி வெச்சிருக்க?"

"கலர கொறச்சிருக்கேம்மா."

"தாலிக்கயித்தப் பாருடி! மஞ்ச எங்கடி? நெத்தியில குங்குமம் எங்கடி? தாலி கட்டுன அன்னிக்கே அவள மூளியாக்கி வெச்சிருக்கியே, இதுக்கா உன்னப் படிக்க வெச்சோம்?"

எட்டிப் பார்த்தேன். பட்டையை இழுத்தால் அது வாழைமரம், தாலி என்று தரம் பார்ப்பதில்லை. கயிறு சாம்பல் நிறத்தில் இருந்தது, குங்குமம் காய்ந்த மண் மாதிரி. அம்மா படத்தை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். அக்காவை உட்காரவைத்து உப்பு மிளகாய் சுற்றினாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எந்த மென்பொருளின் கையேட்டிலும் இந்த எச்சரிக்கை கிடையாது.

அடுத்த தடவை மஞ்சளையும் சிவப்பையும் தொடாமல் பச்சையை மட்டும் இறக்கினேன். தாலி மஞ்சளாகவே இருந்தது. அம்மா கண்ணாடி போட்டுச் சோதித்து, போனால் போகிறது என்று விட்டாள். இலைகள் நாத்தனார் இலைகளாகிவிட்டன. ஆனால் முகங்கள்? பந்தலுக்கு வெளியே, வாழைமரத்தடியில் நிற்கவைத்து எடுத்த படங்கள்; பதினோரு மணி வெயில் உச்சியிலிருந்து அடித்து, ஒவ்வொருவர் கண்ணுக்குக் கீழேயும் ஒரு குழி தோண்டியிருந்தது. குழியைத் தூர்க்கலாம் என்று இருட்டான இடங்களை மட்டும் வெளுத்தேன். இன்னும் கொஞ்சம் வெளுத்தேன். முடித்துப் பார்த்தால் வாழைமரத்தடியில் பெரியப்பா சவரத்துக்கு நுரை பூசிக்கொண்டு நின்றார்.

"இதப் பாத்தாருன்னா உங் கல்யாணத்துக்கு வரமாட்டாரு" என்றாள் அக்கா. மாப்பிள்ளையின் முகத்தைத் தேடினாள். "இவருக்கென்ன அம்ம போட்ட மாதிரி இருக்கு? எதுக்கும் சொவத்துல மாட்டியிருக்கற நம்ம தாத்தா படத்த வெச்சு நீ இன்னும் பழகிக்க." சிரித்துவிட்டுத்தான் சொன்னாள். ஆனால் அதற்கப்புறம் தினமும் காலண்டரைப் பார்ப்பதையும் நான் பார்த்தேன்.

நேரே ஊற்றுக்கண்ணுக்கே போய்விடுவது என்று முடிவு செய்தேன். அரியலூருக்கு பஸ் ஏறினேன். "போறதுதான் போற, இந்தப் படத்த அவங்க ஆல்பத்துலயே சொருவிட்டு வந்துடு" என்று அக்கா கையில் கொடுத்தாள். வெறுங்கையோடு போகக்கூடாது என்று அம்மா ஒரு பை சின்ன வெங்காயம் கொடுத்தாள்.

போட்டோகிராபர் ஸ்டூடியோவுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வீட்டில் ஒரு கல்யாணம் என்று பொய் சொன்னேன்.

"உங்க கலரு எப்படி சார் வருது?"

"அது கையில இருக்கும்மா" என்று கையைக் காட்டினார். "கேமரா என்ன கேமரா? கடையில காசு குடுத்தா எவனுக்கும் குடுப்பான். இத எவன் குடுப்பான்?"

சுவரைப் பார்த்தேன். அருவி வரைந்த படுதாவுக்கு முன்னால் குழந்தைகள், ஜோடிகள், ஒரு கபடி அணி. எல்லாவற்றிலும் பச்சை, எங்கள் ஊர் போட்டோகிராபரே வெட்கப்படும் அளவுக்குக் கத்தியது.

"இதெல்லாம் உங்க கலரு மாதிரி இல்லியே சார்?"

அவர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "அது கஸ்டமர் கேட்டது. எங் கலர நா எல்லாருக்கும் குடுக்கறதில்ல."

"யாருக்கெல்லாம் குடுத்திருக்கீங்க?"

நாலைந்து ஊர்ப் பெயர் சொன்னார். அத்தனையும் ஒரே பஸ்ஸில் வரிசையாக வருகிற ஊர்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பெரிய கலைஞர், கர்வம் இருக்கத்தானே செய்யும் என்று பக்தியோடு எழுந்து வந்தேன்.

அந்த ஊர்களில் ஒன்றில் இறங்கித்தான் நாத்தனார் வீட்டுக்குப் போனேன். நல்ல உச்சி வெயில். கதவைத் தட்டினேன். நைட்டியும் தோளில் துண்டும் கையில் விளக்குமாறுமாக நாத்தனார் வெளியே வந்தார். வாசலில் இறங்கி நின்று, "என்னம்மா, ஆடியில நீ மட்டும் வந்திருக்க?" என்றார்.

நான் அவர் முகத்தையே பார்த்தேன். கண்ணுக்குக் கீழே இருட்டு இல்லை. தாடைக்குக் கீழே கறுப்பு இல்லை. உள்ளே விளக்கேற்றியது போல அந்த முகம். பக்கத்தில் முருங்கைமரம், கத்தாத பச்சையில். நைட்டியின் சிவப்புப் பூக்கள் அடங்கி, கனிந்து. பையிலிருந்த படம் நைட்டி மாட்டிக்கொண்டு என் முன்னால் நின்றது.

"ஏன் இப்படிப் பேயறஞ்ச மாதிரி பாக்கற?"

சாலையில் ஒரு லாரி போனது. பின்னாலேயே தூசி வெள்ளையாக எழுந்து, முருங்கை மேலும் சுவர் மேலும் எங்கள் மேலும் இறங்கியது. கீழே பார்த்தேன். வாசல் முழுக்கச் சுண்ணாம்புத் தூசி, விரித்துப் போட்ட வேட்டி மாதிரி. மேலேயிருந்து விழுகிற வெயிலை அப்படியே திருப்பி முகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. இலைக்குப் பவுடர் போட்டது அதுதான், கண்ணுக்கடியில் குழியைத் தூர்த்ததும் அதுதான். எங்கள் வாசலோ கரிசல். எவ்வளவு வெயில் கொட்டினாலும் விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாது. அதில் நின்ற பெரியப்பாவை நான் மௌஸை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இதே வாசலில் கால் வைத்து, இதே தூசியைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டு, தும்மிவிட்டு, அந்தக் கலரை ஆல்பத்துக்குள் தேடியிருக்கிறேன்.

"இந்த எழவத் தெனம் எத்தன தரந்தான் கூட்டறது" என்று நாத்தனார் குனிந்தார்.

"கூட்டாதீங்க அண்ணி!" என்று கத்திவிட்டேன்.

அவர் என்னையும் வெங்காயப் பையையும் மாறி மாறிப் பார்த்தார். மோர் எடுத்துவர உள்ளே போன நேரத்தில் படத்தை ஆல்பத்தில் செருகிவிட்டேன்.

வீட்டில் வந்து சொன்னபோது அம்மா நம்பவில்லை. "தூசியா? தூசிக்கா அந்தாளு அந்தக் கண்ணாடி போட்டுக்கிட்டு அலயறான்?"

"மாமாவ வரச்சொல்லும்மா. நம்ம வாசல்ல வெள்ள வேட்டியா விரிச்சு, மேல ரெண்டு பேரயும் நிக்கவெச்சு..."

"ஆடியில மாப்பிள்ளையவா? வாயக் கழுவுடி!"

அதுவும் உண்மைதான். பெண்ணையும் மாப்பிள்ளையையும் பிரித்துவைக்கத்தான் ஆடி. பிரித்துவைத்தவர்களை ஒரே படத்தில் கொண்டுவர போட்டோஷாப்பால் முடியும், அம்மாவிடம் அதைச் சொல்ல என்னால் முடியாது.

பருத்திக் கொட்டையை மாட்டுக்கு ஊறவைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "ஆல்பம் இல்லாமயே போறேன்."

"கேப்பாங்கடி" என்றாள் அம்மா.

"கேக்கட்டும். மொதப் பக்கம் பாக்கி இருக்குன்னு சொல்றேன். அந்தத் தூசியத்தான இனிமே நா தெனம் கூட்டப்போறேன்? ஒரே ஒரு நாளு அது எனக்கு வேல செய்யட்டும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ கேமராவோட வா. பெரியப்பா மூஞ்சிய மட்டும் பழையபடி ஆக்கிடு."

அன்றே சென்டரில் உட்கார்ந்து பெரியப்பாவின் நுரையைக் கழுவினேன். கல்யாணப் படங்களில் பச்சையை மட்டும் இறக்குவது, மஞ்சளைத் தொடுவதில்லை, கரிசல் தருகிற இருட்டு இருந்துவிட்டுப் போகட்டும் என்று வைத்துக்கொண்டேன். கட்சிக் கூட்டங்களுக்குப் போகும் சென்டர் கேமராவை ஆவணி முதல் தேதிக்குக் கேட்டு வாங்கியாயிற்று. கல்யாணப் புடவையைக் கட்டிக்கொள்ளலாம், மறுபடி மாலை மட்டும் போடக்கூடாது என்று அம்மா அனுமதி கொடுத்திருந்தாள். பதினோரு மணிக்கு மாமாவும் அக்காவும் அந்த வாசலில் நிற்கவேண்டும். அதுவரை நாத்தனாரை விளக்குமாற்றுப் பக்கம் போகவிடாமல் பார்த்துக்கொள்வது அக்காவின் பொறுப்பு. சரியான நேரத்துக்கு ஒரு லாரி வருவது என் பொறுப்பு. அதை யாரிடம் போய்ச் சொல்லிவைப்பது என்றுதான் விசாரித்துக்கொண்டிருந்தேன்.